மல்லி வந்தால் சின்னது, கனகாம்பரம் வந்தால் பெரியது

வலது கக்கத்துக்குக் கொஞ்சம் கீழே, கையின் உள்பக்கத்துச் சதையில், ஒரு மரப்பலகையின் விளிம்பு ஏறி அழுத்துகிற வலி இருக்கிறதே, அதைக் கண்ணை மூடினால் இன்றைக்கும் என்னால் உணர முடியும். புது வார்னிஷ் வாசனையும், கடைக்காரர் சாமி படத்துக்குச் செருகிய பத்தியின் புகையும், வெளியே டவுன்ஹால் ரோட்டில் போகிற ரிக்‌ஷா மணியும் அந்த வலியோடு சேர்ந்தேதான் வரும். எனக்கு அப்போது பதினாறு வயது முடிந்திருக்காது. என் மடியில் இருந்தது, ஓரமெல்லாம் கறுத்து நடுவில் செந்தூரமாய் மின்னிய ஒரு பெரிய கிதார்.

எழுபதுகளின் கடைசி அது. வில்லாபுரத்தில் எங்கள் வீடு. அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நான் ஒன்பதாவது அரைப்பரீட்சைக்கு முதல் நாள் வாந்தியெடுத்துப் படுத்தவள், பிறகு பள்ளிக்கூடத்துப் படி ஏறவில்லை. பரீட்சை என்றில்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். அடுப்பை அணைத்தேனா, கதவுக்கு நாதாங்கி போட்டேனா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிற பிறவி. அந்தப் பயம் அப்பாவிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார், "பூப் போட்டுப் பாத்துருவோம்" என்பார். எங்கள் வீட்டில் அதற்கு மல்லியும் கனகாம்பரமும். ஒரே அளவாய் இரண்டு வாழையிலைப் பொட்டலம் கட்டி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, வீட்டிலிருக்கிற சின்னப்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். மல்லி வந்தால் ஆகும், கனகாம்பரம் வந்தால் ஆகாது. நான் மறுபடி பள்ளிக்கூடம் போகலாமா என்றும் அப்படித்தான் கேட்டார்கள். கனகாம்பரம் வந்தது. "சாமியே வேணாம்னுருச்சு" என்று அப்பா பெருமூச்சு விட்டார். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது, ஒரு வருஷம் கழித்துத்தான் வருத்தமாக இருந்தது.

அதற்குள் நான் தையல் பழகி, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்திருந்தேன். மிஷினை மிதிக்கிற தாளத்துக்கு எதையாவது நானே கட்டிப் பாடிக்கொண்டிருப்பேன். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பவர், தன் கிதாருக்கு உறை தைத்துக் கொடுக்கச் சொல்லி அதை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். கச்சேரி இல்லாத மாதங்கள், அது என்னிடமே கிடந்தது. வந்து போகிற நேரத்தில் மாமா, கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற மூன்று "பிடி" காட்டிக் கொடுத்தார். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என் பாட்டையெல்லாம் அதில் ஏற்றிவிட்டேன். மாசி பிறந்து கோயில் கச்சேரிகள் வந்ததும் மாமா கிதாரை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதமே வேனில் நசுங்கி அதன் கழுத்து உடைந்தது.

அதனால்தான், தைத்துச் சேர்த்ததில் நான் ஒரு கிதார் வாங்கப் போகிறேன் என்றபோது, வீட்டில் எல்லோரையும்விட மாமாவுக்குத்தான் சந்தோஷம். கடைக்கு அவரே கூட்டிப்போனார். அப்பாவும் குடையோடு வந்து வாசலில் நின்றுகொண்டார்.

செந்தூரக் கிதாரை எடுத்து என் மடியில் வைத்தவர் மாமா. அதன் உடம்பு என் மடியைவிட அகலம். வலது கையை மேலே தூக்கி, தோளைக் காதுவரை ஏற்றி, விளிம்பு சதையில் பதியப் பதியத்தான் கம்பியை எட்ட முடிந்தது. உள்சுவரில், ஒரு பழைய ஆர்மோனியத்துக்கு மேலே, இன்னொன்று தொங்கியது. இடுப்புச் சிறுத்து, உடம்பு ஒல்லியாய், மினுமினுப்பு ஒன்றும் இல்லாத பழுப்பு மரம். அதைக் கேட்டேன். "சின்னப்பிள்ளைக வாசிக்கிறதும்மா அது" என்றபடி கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார்.

எனக்குக் கிதாரைப் பற்றி என்ன தெரியும். தையல்தான் தெரியும். பையிலிருந்த இன்ச் டேப்பை எடுத்து, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி இரண்டுக்கும் மார்பு, இடுப்பு, கனம் என்று அளந்தேன். கடைக்காரர் சிரித்து, "கை வைக்கவா, கையில்லாமலா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. தப்பாக எடுத்துவிடுவோமோ என்று மறுபடி முதலிலிருந்து அளந்தேன். ஸ்கேல் கோணலா என்று பார்ப்பதுபோல் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பியையும் கழுத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி, எங்கேயாவது இரைகிறதா என்று கேட்டேன். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி மடியில் வைத்து, மெதுவாக, என் பாட்டு ஒன்றைப் பாடினேன்.

"கொக்கி வச்சேன், வளையம் வச்சேன்,
வாய மட்டும் தைக்கல."

பெரியதில் அடிக்கம்பியைத் தொட்டால் தொம்மென்று கடை நிறையும், அந்த நிறைவில் என் வார்த்தை எங்கே போனதென்று எனக்கே தெரியாது. சின்னதில் ஒவ்வொரு கம்பியும் தன் பங்கைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றது. ஒதுங்கிய இடத்தில் என் குரல் உட்கார்ந்தது. வாசலில் நின்ற அப்பா அப்போதுதான் திரும்பி, "வாயத் தைக்கலன்னா பாடுன?" என்று கேட்டார். பெரியதில் அதே வரியை மூன்று தடவை பாடியிருந்தேன்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ப் பந்தல்ல இத வச்சு வாசிச்சா, தேங்கா மூடியத் தட்டுறான்னு சொல்லுவாய்ங்க தாயி. பெருசா எடு. நீ வளருவேல்ல" என்றார். அவர் பந்தலில் வாசிப்பவர். நான் பந்தலில் வாசிக்கப்போவதாக யாரிடமும் சொல்லவில்லை. பெரியது வீட்டுக்கு வந்தால் அது கச்சேரிக் காலமெல்லாம் யார் தோளில் இருக்கும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் மாமாவை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிப்பது என்றால் எங்கள் வீட்டில் பூதான். இந்தத் தடவை மல்லி வந்தால் சின்னது, கனகாம்பரம் வந்தால் பெரியது. பூ வாங்கி வந்தவரும் பொட்டலம் கட்டியவரும் மாமா. எடுத்தவன் ஆறு வயதுத் தம்பி கண்ணன். பிரித்தார்கள். கனகாம்பரம்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூ சொன்னதை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் மீறியதில்லை. மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பெரிய பயம்.

சனிக்கிழமை மறுபடி கடை. கடைக்காரர் செந்தூரத்தைத் துடைத்து வெளியே வைத்திருந்தார். மாமா அதன் கழுத்தில் கையே போட்டுவிட்டார். நான் உள்சுவரைக் காட்டி, அது வேண்டும் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். அப்பா பதறிப்போய், "பூவ மீறப் போறியா?" என்றார்.

"பூவுக்குக் கை வலிக்காதுப்பா. எனக்குத்தான் வலிக்கும்" என்றேன். "துணிதான் ஆளுக்குத் தக்கன இருக்கணும். ஆளு துணிக்குத் தக்கன வளர முடியாது."

இவ்வளவு நீளமாக அப்பாவிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை. மாமா கிதாரின் கழுத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொன்றுக்கும் அந்தச் சின்னக் கிதார்தான் பொறுப்பு. அப்பாவின் சைக்கிள் களவு போனது, கிதார். அம்மா அடிபம்புப் பக்கம் வழுக்கி விழுந்தாள், கிதார். என் மிஷின் பெல்ட்டு அறுந்ததுகூட அதனால்தான். "பூவ மீறுனா சும்மா விடுமா?" என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைக் கையில் வாங்குவாள். நானும் நம்பினேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் கிதாரை எடுக்கும்போது, இன்றைக்கு யாருக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கும். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். பொங்கலுக்குத் தெருவில் கொட்டகை போட்டு, ஒரு சினிமாப் பாட்டு பாடும்மா என்று மைக்கைக் கொடுத்தபோது, நான் "கொக்கி வச்சேன்" பாடினேன். முதல் வரிசையில் இருந்த அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ மறுபடி பாடச் சொன்னார்கள், பாடினேன்.

இன்று அந்தக் கடை இல்லை, மாமாவின் குழு இல்லை, மாமாவும் இல்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் பொட்டலம் கட்டுபவர் யாரும் இல்லை. போன மாதம் தம்பி வந்திருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. மூலையிலிருந்த கிதாரைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "ஒண்ணு சொன்னா வைய மாட்டியேக்கா?" என்று ஆரம்பித்தான். அன்றைக்குப் பூ எடுக்கும்முன், நாரின் வால் நீளமாக விட்டிருக்கிற பொட்டலத்தை எடுடா, தெப்பக்குளம் கூட்டிப்போகிறேன் என்று மாமா அவனிடம் சொல்லியிருந்தாராம்.

"அப்ப நீ பூவ மீறவே இல்லக்கா. இம்புட்டு வருசமா சும்மா பயந்திருக்க."

எனக்கு நிம்மதி தரலாம் என்றுதான் சொன்னான், பாவம். எனக்கு வந்தது கோபம். மாமா மேல் இல்லை.

"மீறுனேன்டா" என்றேன். "கள்ளப் பூவுன்னு எனக்குத் தெரியுமா? சாமி சொன்னதுன்னு நெனச்சுத்தான் மீறுனேன். அத நீ இப்ப இல்லேன்னு சொல்லாத."

கோபம் தணிந்ததும், மாமா தெப்பக்குளம் கூட்டிப்போனாரா என்று கேட்டேன். "எங்க?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு கிதாரை எடுத்து மடியில் வைத்தேன். வலது கை தூக்காமலே கம்பிக்குப் போனது. விரல் நடுங்கியது. கடையில் அன்றைக்கு அதைக் கை நீட்டி வாங்கியபோதும் நடுங்கியதுதான்.