டிக்கியில் கட்டிய பூ

என் பழைய காருக்கு ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. பின்பக்கம் இருக்கும் இஞ்சினைக் காற்றுதான் குளிர வைக்கும். பின் கண்ணாடிக்குக் கீழே வரிவரியாக உள்ள திறப்புகள் வழியாக அது காற்றை இழுத்துக்கொள்ளும். இதைக் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். மீதிப் பாதியில் என் மாமனார் இருந்தார், அது என் கிரகம்.

கல்யாணப் பேச்சு நடந்த சமயம் பழைய இஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பெண் பார்க்கச் செவிலிமேட்டுக்கு ஆட்டோவில்தான் போனேன். அன்றைக்கே அவர் ஆரம்பித்துவிட்டார்: "அந்த டப்பாவ எதுக்கு வெச்சிக்கினு இருக்கீங்க மாப்ள? வித்துடுங்க."

எனக்குச் சுர்ரென்றது. "மாப்பிள்ளை அழைப்புக்கு அதுலதான் வருவேன் மாமா. வழியில நின்னா மறுநாளே வித்துடறேன்" என்றேன். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் குடும்பச் சொத்து.

வாலாஜாபாத் மெக்கானிக் ஒருவர் அதே ரக வேன் ஒன்றிலிருந்து இஞ்சினைக் கழற்றி இதில் மாட்டினார். காற்றை இஞ்சின் மேல் திருப்பிவிடும் தகரங்களை மட்டும், "எதுக்கு சார் இந்த வேஸ்ட்டு" என்று ஓரம் கட்டப் பார்த்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி எல்லாவற்றையும் மாட்ட வைத்தேன். ஏனாத்தூர் வரை ஓட்டிப் பார்த்தேன். தங்கமாக ஓடியது.

அழைப்பு அன்று சாயங்காலம் மேளக்காரர்கள் அவசரப்படுத்த, மாலையோடு ஓடிப்போய் உட்கார்ந்தேன். அந்த கியரைப் போட வேறு யாருக்கும் வராது, அதனால் மாப்பிள்ளையே டிரைவர். முன்பக்கம் ஒரு பூகூட இல்லை. அலங்காரத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் பக்கத்தில் ஏறிக்கொண்டார். டப்பா எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான்.

மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்தோம். இரண்டு தெரு தாண்டியதும், மல்லிப்பூவை இட்லிப் பானையில் வைத்து அவித்தது போல வாசனை. வண்டி திணறியது, உதறியது, நின்றேவிட்டது. மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதே நேரம் எதிர்த் தெருமுனையில் சாமி புறப்பாடு திரும்பியது. மேளம் அடங்கி, தெருவே ஒதுங்கிக் கைகூப்பியது.

நான் இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். திறப்புகளில் ஊசி நுழைய இடமில்லை, அத்தனை பூ. "யாரு மாமா இப்படி கட்டினது?"

"நான்தான் சொன்னேன்" என்றார், பின்னாலேயே வந்தவர், பெருமையாக. "முன்னாடி இஞ்சினுக்கு காத்து போவணும், அங்க ஒண்ணும் வெக்காத. எல்லாத்தையும் பின்னாடி டிக்கில நல்லா அடைச்சி கட்டுப்பான்னு."

டிக்கியைத் திறந்து காட்டினேன். உள்ளே இஞ்சினைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார், சாமிக்கா இஞ்சினுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பூவைப் பிய்க்க ஆரம்பித்தார். குடையும் கோஷ்டியும் கடந்துபோய்த் தெரு காலியாவதற்குள் இஞ்சின் ஆறிவிட்டது. சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு மாமியார் நின்றிருந்தார். "ஏன் இவ்ளோ நேரம்? வண்டி நின்னுடுச்சா?"

வாக்குக் கொடுத்தவன் நான். ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். மாமனார் முந்திக்கொண்டார்.

"சாமி வந்துதும்மா. நிக்காம போவ முடியுமா?"

காஞ்சிபுரத்தில் இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க முடியாது. கேட்டவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் தாலி கட்டி முடித்து, மனைவியை அதே காரில் ஏற்றினேன். உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க, வண்டில அவிச்ச மல்லிப்பூ வாசன அடிக்குது?"

நான் வழியனுப்ப வந்த மாமனாரைப் பார்த்தேன். அவர் மும்முரமாகக் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.