அழகாகச் சாகச் சொன்னார்கள்

சிட்னி சாலையில் டிராம் நின்றால் பின்னால் வருகிற கார்களும் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் நரெல் ஒருமுறை செத்துப் பார்த்துக்கொள்வாள். தன் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, வயிற்றில் குத்து வாங்கியதுபோல ஒரு முனகல். உயரத்திலிருந்து விழுவதுபோல ஓர் அலறல். பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒருவன் பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டிய நாளும் உண்டு. "ஒண்ணுமில்ல கண்ணு, வேலைக்குப் போறேன்" என்று சொல்லி அனுப்பினாள். அவன் நம்பினானா என்பது வேறு விஷயம்.

வேலை அதுதான். அந்தச் சாலை போகிற பிரன்சுவிக் வட்டாரத்தில் ஒரு பழைய நூற்பாலையின் பின்கட்டில் இருக்கிற ஒலிப்பதிவுக் கூடத்தில், வீடியோ கேம்களில் வரும் பெண்களுக்கு அவள் குரல் கொடுக்கிறாள். பேச வசனம் கொஞ்சம்தான். அடி வாங்குவதும் சாவதும் நிறைய. சின்ன அடி, பெரிய அடி, நெருப்பு, விஷம், தண்ணீரில் மூழ்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சத்தம் வேண்டும். தொண்டை கிழிந்துவிடும் என்பதால் பேச்சையெல்லாம் முடித்துவிட்டுச் சாவைக் கடைசியில் வைப்பது தொழில் வழக்கம். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு அவளுக்குக் குரல் எழும்பாது. "அந்த ரெண்டு நாளும் கேரி மூஞ்சியப் பாக்கணுமே, லாட்டரி விழுந்த மாதிரி இருப்பான்" என்பாள். கேரி அவள் கணவன்.

ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே பச்சை ஆப்பிளைக் கடிப்பாள். புளிப்பில் எச்சில் ஊறினால் நாக்கு ஒட்டும் சத்தம் மைக்கில் விழாதாம். மீதி ஆப்பிள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் கோஸ்டாவுக்குப் போகும். அவனும் மறுக்காமல் தின்பான். பல வருஷப் பழக்கம்.

ஆண்களுக்குக் குரல் கொடுக்க வருகிறவர்களிடம், "கத்து, கூடம் இடியட்டும்" என்பார்கள். நரெலிடம், "கொஞ்சம் மென்மையா" என்பார்கள். கோடரியால் வெட்டுப்படும்போதும் மென்மையாக. "ஆம்பள செத்தா அது சாவு. பொம்பள செத்தா, கேக்கறவனுக்குக் கிளுகிளுன்னு இருக்கணும்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுடைய முனகல்களை மட்டும் தனியே வெட்டியெடுத்து, வேறு மாதிரிப் படங்களோடு ஒட்டிப் பரப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் சிரிக்கவில்லை. குழாயடியில் நெடுநேரம் வாய் கொப்பளித்தாள்.

இத்தனைக்கும் நடுவே அவளுக்குக் கிடைத்தவள்தான் ஹெஸ்டர். ஒரு போர் விளையாட்டில் வரும் தளபதி. ஐம்பது வயது, நரைத்த தலை, உடைந்த மூக்கு. ஆடுகிறவன் காதுக்குள் வந்து, இடப்பக்கம் போ, குனி, காயம்பட்டவனை விட்டுவிட்டு ஓடாதே என்று ஆணையிடுவாள். நரெல் தன் சொந்தக் குரலிலேயே பேசினாள். பள்ளிக் கேன்டீனில் வாரம் மூன்று நாள் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிற அதே குரல்.

மகள் டெஸ் அந்த விளையாட்டை விடாமல் ஆடினாள். டேவ் என்று ஆண் பெயரை வைத்துக்கொண்டு, கூட ஆடுகிறவர்களோடு பேசும் மைக்கைத் திறக்காமல் ஆடுவாள். ஏன் என்று நரெல் கேட்டதற்கு, "வாயத் திறந்தா போதும்மா, மொதல்ல சமையக்கட்டுக்குப் போம்பானுங்க. அடுத்தது சொல்றத உங்கிட்ட சொல்ல முடியாது" என்றாள். பிறகு, "அங்க துணிஞ்சு பேசற ஒரே பொம்பள நீதான்" என்று முடித்தாள். நரெல் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க வீட்டில் அவளுடைய பாட்டு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆடுகிறவர்கள் பொங்கிவிட்டார்கள். கிழவி நச்சரிக்கிறாள், அம்மா கூப்பிடுவதுபோல இருக்கிறது, எவனாவது இவள் வாயை அடையுங்கள் என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். கம்பெனிக்காரர்கள் அவர்கள் மனம் கோணாமல் அடுத்த மாதமே விளையாட்டின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு பொத்தானைச் சேர்த்தார்கள். ஹெஸ்டர் குரல் வேண்டுமா, வேண்டாமா. அதே விளையாட்டில் விடாமல் கத்துகிற ஆண் பாத்திரங்கள் நாலு பேர். அவர்களில் ஒருவனுக்கும் அப்படியொரு பொத்தான் கிடையாது. டெஸ்தான் அதைத் திறந்து காட்டினாள். நரெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தாள், கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

எனவே இரண்டாம் பாகத்துக்கு அழைப்பு வந்தபோது அவள் பூரித்துப்போனதில் தப்பில்லை. ஹெஸ்டரை விட்டுவிடவில்லை, மறுபடி பேசவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஒரு வாரம் வைனைத் தொடவில்லை. குளியலறையில் நின்று படைகளை விரட்டினாள். கேரி வெளியிலிருந்து, "உத்தரவு தளபதி, துண்டு வேணுமா?" என்று கேட்டான்.

கூடத்தில் அவள் கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். அதில் வசனமே இல்லை. முதல் காட்சியிலேயே ஹெஸ்டருக்கு வயிற்றில் குண்டு பாய்கிறது. சாகிறாள். அவ்வளவுதான்.

இயக்குநர் லாக்லன் நல்ல பையன். முப்பது வயதிருக்கும். காலையில் அவளுக்குக் காபி வாங்கி வந்தவனும் அவன்தான்.

"இதுலேருந்துதான் கதையே கிளம்புது நரெல். உங்க சாவப் பாத்துத்தான் ஹீரோ கொதிச்சு எழுவான்."

"நான் செத்தாத்தான் அவனுக்குக் கோவம் வருமா? உயிரோட இருந்தப்பவே வந்துச்சே, எம்மேல."

லாக்லன் சங்கடமாகச் சிரித்தான். "நான் முடிவு பண்ணல. ஆடற பசங்க என்ன சொல்றாங்கன்னு மேலிடத்துல பாக்கறாங்க."

"ஆடற பொண்ணுங்க என்ன சொல்றாங்கன்னு யாரு பாக்கறது?"

"அவங்க எதுவும் எழுதறதில்லையே."

டேவ் என்ற பெயரில் ஒளிந்துகொண்டு ஆடுகிற மகளை நரெல் நினைத்துக்கொண்டாள். பிறகு, தன் வழக்கத்துக்கே மாறாகக் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு வரி கண்ணு. சாகறதுக்கு முன்னாடி. காயம்பட்டவன விட்டுட்டு ஓடாதீங்கன்னு மட்டும் சொல்றேன். தளபதி இல்லையா அவ."

லாக்லன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரும்போதே முடியாது என்று தலையை ஆட்டினான். நரெல் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து கோஸ்டாவைப் பார்த்தாள். பல வருஷமாக அவள் ஆப்பிளில் பாதியைத் தின்றவன், மேசையிலிருந்த ஏதோ ஒரு குமிழைக் கர்மசிரத்தையாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முதல் பதிவில் அவள் நிஜமாகச் செத்தாள். காற்று பிடுங்கப்பட்ட நெஞ்சும், மூக்குச்சளியும், வாயில் வராத சொற்களும் கலந்த ஒரு கரகரப்பு. கேட்க நாராசமாக இருந்தது. கோஸ்டா காதுக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"அபாரம். எனக்கே பயமாயிடுச்சு" என்றான் லாக்லன். "ஆனா இது வேணாம். காமிரா அவ முகத்துக்குக் கிட்ட வருது. இந்தத் தடவை அவள கொஞ்சம் எளமையாக்கியிருக்கோம். மூக்கும் சரியாயிடுச்சு. அதனால மென்மையா, ஒரு பெருமூச்சு மாதிரி. அழகா."

நரெல் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் காலிதான். மைக்குக்குப் பக்கத்தில் வந்து, கண்ணை மூடி, அவன் கேட்டதைக் கொடுத்தாள். ஒரே மூச்சு. லேசாக நடுங்கி, இனித்து, அடங்கியது. இருபது வயதுக்காரியின் மூச்சு.

"இதான், இதான்" என்று லாக்லன் குதித்தான். மறு பதிவு தேவைப்படவில்லை.

அவள் வெளியே வந்தபோது கதவருகே லாக்லன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். கட்டிக்கொண்டு விடைகொடுப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். நன்றி என்றான், உங்களைப்போல யாரும் இல்லை என்றான். கடைசியில், "உங்களுக்கும் திருப்திதானே?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான்.

நரெல் அவன் தோளைப் பற்றி, காதோடு வாயை வைத்து, அதே பெருமூச்சை அவன் கேட்ட மாதிரியே, முழுசாக, அழகாக விட்டாள். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தை நேராகப் பார்த்தபடி நின்றாள்.