மயிலைக்காளையை அவிழ்த்துவிட்ட அன்று

திருட்டுக் கும்பல் என்றால் எல்லாரும் அரிவாளும் மீசையுமாகத்தான் நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. எனக்கு வாய்த்தது சாணி அள்ளுகிற வேலை. கோயமுத்தூருக்குத் தெற்கே எங்கே மாடு களவு போனாலும் அது எனக்குக் கூலி கொடுக்கிற முதலாளி, எங்கள் பண்ணாடி வீட்டுக் கைவரிசையாகத்தான் இருக்கும். அண்ணன் தம்பி, மச்சான், மருமகன் என்று குடும்பமே அந்தத் தொழிலில். ஓட்டிக்கொண்டு வருவது அவர்கள். கிணத்துக்கடவுக்கு அப்பால் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் இருந்த சாளைக் குடிசையில் மாட்டை மறைத்து வைத்து, கொம்பைச் சீவி, பழைய தழும்பின் மேல் புதுச் சூடு போட்டு, உடையவனே அடையாளம் காணாதபடி ஆக்குவது நான்.

மழை பொய்த்த வருஷம் ஒரு மயிலைக்காளை வந்தது. சூடு போட்ட இடம் சீழ் பிடித்துப் புழு வைத்துவிட்டது. காளை தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டேன். பருத்திக்கொட்டையை ஆட்டி, நாக்கால் 'ட்டக் ட்டக்' என்று சத்தம் கொடுத்துக் கையிலேயே ஊட்டினேன். புண் ஆறுவதற்குள் அந்தச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கப் பழகிவிட்டது. பண்ணாடி பார்த்துவிட்டு, மாட்டுக்கே வாக்கப்பட்டுவிட்டாயா என்று கேட்டுச் சிரித்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், நானும் சிரித்து வைத்தேன்.

தழும்பு கோணலாகிவிட்டதால் உள்ளூரில் விற்றால் கண்ணை உறுத்தும் என்று, கறிக்கு அடிமாடு வாங்கும் பாலக்காட்டு அறுப்பு வியாபாரியிடம் பண்ணாடி பேசி முடித்துவிட்டார். பொள்ளாச்சிச் சந்தையில் கைமாற்ற வேண்டியது மட்டும் என் பாடு.

சந்தையில் ஒரு ஒல்லி மனிதர் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

"இது எம்மாடுங்க."

ஜோடியில் ஒன்று போய்விட்டதாம். ஒற்றை மாட்டை வைத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாமல் சோளம் காய்ந்துகொண்டிருக்கிறதாம். சந்தை சந்தையாகத் தேடி அலைகிறாராம். சந்தைக் குத்தகைக்காரர் அடையாளம் கேட்டார். கொம்பும் ஒத்துவரவில்லை, தழும்பும் ஒத்துவரவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சரி, மாட்டையே கேட்டுவிடுவோம் என்றார் குத்தகைக்காரர். கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று கூப்பிட வேண்டும். யாரிடம் போகிறதோ அவருக்கே மாடு.

கூட்டத்தில் பண்ணாடியைத் தேடினேன். என்னை முன்பின் பார்த்தறியாதவர்போல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மாடு அந்தப் பக்கம் போனால் போலீஸ் வரும், நான் மட்டும் உள்ளே போவேன், அந்தக் குடும்பத்தில் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்காது. பாழாய்ப்போன பிழைப்பு.

ஒல்லி மனிதர்தான் முதலில் கூப்பிட்டார்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

காளை காதை நிமிர்த்தியது. அவரைப் பார்த்து நடக்கவும் தொடங்கியது. போய்விடு, அவரிடமே போய்விடு என்று ஒரு மனம் கெஞ்சியது. ஆனால் என் நாக்கு அந்தச் சத்தத்தைக் கொடுத்துவிட்டது. காளை நின்றது. திரும்பியது. நேராக என்னிடம் வந்து உள்ளங்கையில் மூக்கை வைத்தது. கையில் ஒன்றுமில்லை. இருந்தும் நக்கியது.

ஓவென்று கூச்சல். அவரை எல்லாரும் கேலி பேசினார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் வந்து தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் பாத்திருக்கறீங்க," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏர்ல பூட்டறப்ப வலப்பக்கமே பூட்டுங்க. இடப்பக்கம் அதுக்குப் பழக்கமில்லீங்க."

அறுப்பு வியாபாரி என் முதுகுக்குப் பின்னால் கயிற்றுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"சரிங்க, வலப்பக்கமே பூட்டறனுங்க," என்றேன்.