தங்கை காருக்கு வேலப்பன் சொன்ன விலை

சாலைக் கடைத்தெருவில் பழைய கார் கைமாறுகிறதென்றால் வேலப்பன் பிள்ளை வந்து பார்த்து விலை சொல்லியாக வேண்டும். வாங்குகிறவனும் விற்கிறவனும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் வண்டியைத் தொடுவார். குறை தெரியாமலிருக்க முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். ஓரவஞ்சனை தெரியாத மனுஷன் என்று பெயர். அந்தப் பெயர்மேல் அவருக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

முப்பத்தெட்டாம் வருஷம் தங்கை மங்கலத்தின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். தம்பானூர் ரயில் ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் ஓட்டியவன். அவன் விட்டுப்போனது அந்தக் காரும், கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள் பகவதியும்தான். நகைக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வேண்டும். காரை விற்றால்தான் உண்டு. இது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி.

ஆரியசாலை அரிசி வியாபாரி கோலப்பன் வாங்க வந்தார். வேலப்பன் வழக்கம்போல் பார்த்தார். முன்னால் செருகிய கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகையில் எண்ணெய் எரிகிற நீலமில்லை. பாளையம் ஏற்றத்தில் திணறாமல் ஏறியது. மச்சான் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த வண்டி. தொள்ளாயிரம் தாராளமாகப் பெறும்.

அதுதான் வம்பாய்ப் போயிற்று. தங்கைக்கு வேண்டிய அதே தொகையைத் தன் வாயால் சொன்னால் ஊர் என்ன பேசும்? சுற்றிலும் ஆட்கள் கூடி நின்றார்கள். வேலப்பன் தொண்டையைச் செருமினார்.

"எழுநூறு. வண்டி கொஞ்சம் அடிபட்டுப் போச்சு."

"கூடப்பிறந்தவளுக்கும் ஒரே தராசுதானா அண்ணாச்சி!" என்று கோலப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். பாவி மனுஷனுக்கு அந்தக் கும்பிடு இனித்தது. கதவோரம் நின்ற மங்கலம், "அண்ணன் சொன்னா செரிதான்" என்றாள்.

மிச்சப் பணத்தைப் புரட்ட வேலப்பன் நாயாய் அலைந்தார். அது கைக்கு வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் சம்பந்தம் பேசிக் கை நனைத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த வரன் எதுவும் நிலைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போனவர் காதில், அடுக்களையிலிருந்து பகவதியின் குரல் விழுந்தது.

"அப்பா வண்டியை அடிபடாம வச்சிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா அம்மா? அப்பா நினைப்பு வந்தாலே வெறுப்பாட்டு இருக்கு."

வேலப்பன் உண்மையைச் சொல்லிவிடுவதென்று உள்ளே காலெடுத்து வைத்தார். மங்கலம் ஓடிவந்து அவரைத் தெருவுக்கு இழுத்துப் போனாள்.

"தொள்ளாயிரம் பெறும்னு எனக்கு அண்ணைக்கே தெரியும் அண்ணே. அவளுட்ட மட்டும் சொல்லாண்டாம். அப்பன் போயாச்சு, இனி அவளுக்கு மாமன் ஒருத்தருதான் உண்டு. வெறுக்கதுன்னா செத்தவங்களையே வெறுத்துட்டுப் போகட்டும்."

வேலப்பன் நடுத்தெரு என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதார்.

"சத்தம் போடாதீங்கோ அண்ணே, அவ வந்திருவா" என்றாள் மங்கலம்.