பொறுப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்

ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு படுக்கை விரிப்புகள். பத்தொன்பது வருடங்களாக அந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் தேய்ப்புப் பிரிவு அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. ஈரமாக வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கொதிக்கும் உருளைக்குள் விடவேண்டும்; மறுபக்கம் அது காகிதம்போல மொறமொறவென்று வெளியே வரும். நாள் முழுக்க ஆவிக்குள் நிற்பதால் அவளுக்கு 'ஆவி அக்கா' என்றே பெயர். "ஆவி அக்கா உன்னைக் கூப்பிடுது" என்று யாராவது சொன்னால், புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு நிமிடம் ஆடிப்போவார்கள். அவளுக்கு அதில் ஒரு குஷி.

பேச்சுக்குக் குறைவில்லாத அந்த ஆவி அக்கா செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

முந்தின நாள் காலை இரண்டாம் நம்பர் உருளையில் வாயாடியின் வலதுகை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் வெந்துவிட்டன. வாயாடி அவள் பிரிவில் வேலை பார்ப்பவள். பேர் வந்த காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் இயந்திரம் சட்டென்று நிற்கவேண்டும். பத்து நாளாக அந்தக் கம்பி இறுகிப்போய்க் கிடந்தது. பராமரிப்பு இன்ஜினியரிடம் ஆவி அக்கா மூன்று முறை சொன்னாள். "பாத்துக்கலாம்மா" என்று மூன்று முறையும் அவர் சொன்னார். அதற்குள் விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. நான்காவது முறை சொல்லப் போகாமல், அவள் வாயாடியை அந்த உருளையில் நிற்கச் சொன்னாள்.

புது மானேஜர் விளக்கக் கடிதம் கேட்டிருந்தார். மாலை ஐந்து மணிக்குள், இங்கிலீஷில். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் தமிழில் எழுதிய தாளை அவர் மேஜையில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே கிடக்கும். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று கடிதம் சொல்லியாகவேண்டும். யாரும் இல்லையென்றால், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். வாயாடிக்கு வேலை போய்விடும்.

பத்தாவதோடு விட்ட இங்கிலீஷைத் தூசி தட்டி ஒருவழியாக ஐந்து வரி எழுதினாள். சாப்பாட்டு இடைவேளையில் நாத்தனார் வந்து அதை வாங்கிப் படித்தாள். கணவனின் தங்கையான அவளுக்கு அதே மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வேலை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

படிக்கும்போதே நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியுதா? 'ரெஸ்பான்சிபிள் டு தி மெஷின்'. மெஷின் உங்களைக் கூப்பிட்டு நிக்கவெச்சுக் கேள்வி கேக்குமா?"

"ஏன், மெஷினுக்கு நான் பொறுப்பு இல்லையா?"

"அதுக்கு ஃபார் போடணும். அடுத்த வரி இன்னும் ஜோரு. 'ரெஸ்பான்சிபிள் ஃபார் தி மானேஜர்'. அந்த ஆளைப் பெத்து வளத்து ஆளாக்கினதே நீங்கதான்னு எழுதிக் குடுக்கப் போறீங்க."

"மானேஜருக்கு நான் பொறுப்புதானே? அவர் கேட்டா நான் பதில் சொல்லணும்."

"அங்க டு. யாருக்குப் பதில் சொல்லணுமோ அங்க டு. எது போனா உங்க தலை உருளுமோ அங்க ஃபார்."

ஆவி அக்கா தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். மெஷினுக்குப் பொறுப்பு, மானேஜருக்குப் பொறுப்பு, வாயாடிக்குப் பொறுப்பு. இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் ஒரே 'க்கு' போதுமானதாக இருந்தது. மேலே இருப்பவருக்குக் கைகட்டி நிற்பதையும் கீழே இருப்பவரைத் தாங்கிப் பிடிப்பதையும் அவள் தனித்தனியாக யோசித்ததே இல்லை.

"ஒண்ணு பண்ணுங்க." நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஃபாரே வேண்டாம். 'ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் டு தி மானேஜர்'. அதோட நிறுத்திக்குங்க. பொய்யும் இல்ல. அவருக்குக் கீழ வேலை பாக்குறீங்கன்னு மட்டும்தான் அர்த்தம். உங்க மேல எதுவும் ஒட்டாது."

"வாயாடி மேல ஒட்டிக்குமே."

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நீங்களே ஃபார் போட்டுக்கிட்டிருங்க. அண்ணன் வேலையில்லாம வீட்ல உக்காந்து எட்டு மாசம் ஆகுது. உங்க வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

குரலில் கிண்டல் இல்லை. அதுதான் ஆவி அக்காவை என்னவோ செய்தது. எழுந்து மூன்றாவது மாடி வார்டுக்குப் போனாள்.

வாயாடி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். கட்டிலில் விரித்திருந்தது அவளே தேய்த்த விரிப்பாகக்கூட இருக்கலாம்.

"அக்கா, நான் பேசிக்கிட்டே வேலை பாத்தேன்னு எழுதப்போறீங்களா?"

"நீ என்னைக்குடி பேசாம வேலை பாத்திருக்க?"

"அதான் பயமா இருக்கு. அப்படி எழுதினா எல்லாரும் நம்பிடுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு வாயாடி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஆவி அக்கா அவளுடைய இடதுகையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வந்தாள்.

புதுத் தாள் எடுத்தாள். மானேஜருக்கு முன்னால் டு போட்டாள். அடுத்த வரி, இரண்டாம் உருளையில் நின்ற பெண்ணுக்கு: 'ரெஸ்பான்சிபிள் ஃபார்'. கம்பி இறுகியிருந்தது தெரிந்தும் அவளை அங்கே நிறுத்தியது நான், என்று அதற்குக் கீழே எழுதினாள். கம்பிக்கும் ஒரு ஃபார் போட்டாள். ஆனால் அந்த வரியில் 'ஐ' இல்லை, 'தி இன்ஜினியர்' இருந்தது. அவரிடம் சொன்ன மூன்று தேதிகளையும் பக்கத்தில் குறித்தாள்.

நாத்தனார் படித்துவிட்டு ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினாள்.

"இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு அண்ணி. அதான் வினையே."

மணி நாலு நாற்பது. மானேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இரண்டாவது வரியில் பேனாவை ஊன்றினார்.

"இந்த ஃபார், தெரிஞ்சுதான் போட்டீங்களாம்மா? கை தவறி விழுந்திருந்தா இப்பவே மாத்திக் குடுங்க."

"மத்தியானம் பூரா அதைத்தான் சார் யோசிச்சேன். மாத்த வேண்டாம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் தேதிகளின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. இன்ஜினியரும் வரவேண்டும். அதுவரை இரண்டாம் உருளை ஓடாது. ஆவி அக்கா மடிப்புப் பிரிவில் வேலை பார்ப்பாள்.