ஜெரோம் அண்ணன் மாற்றிய வால்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் இருந்த ஒரே கணினியின் பெட்டித் திரை, மேலே கைவைத்தால் சூடாக இருக்கும். ஞாயிறு பூசை முடிந்து, பனியில் விறைத்த விரல்களோடு ஓடிவரும் நாங்கள் முதலில் அதில்தான் குளிர்காய்வோம். அதற்கும் ஜெரோம் அண்ணன் திட்டுவார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மூத்த மகன் அவர். மண்டபச் சாவி அவரிடம் இருந்ததால் கணினியும் தன்னுடையது என்று அவருக்கு நினைப்பு.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் எழுத்துகளை நாங்கள் "வாலு" என்போம். "ஜேபிஜி வாலுன்னா படம், எம்பி3ன்னா பாட்டு. இஎக்ஸ்இ வாலு கிட்ட போயிடாதீங்க லா, வைரஸ் வந்துரும்" என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

தோட்டத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையின் கணினிப் படக்காட்சி தானா ராத்தா ஊரில் நடக்கும் போட்டிக்குப் போகும் என்றார்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவைப் பற்றி நான் செய்ததை ஆசிரியர் தேர்ந்தெடுத்தார். பென்டிரைவை ஜெரோம் அண்ணனிடம் கொடுத்துவைத்தேன். அனுப்பும் நாளில் கோப்பு திறக்கவில்லை. படக்காட்சிக்குரிய பிபிடி வால் ஜேபிஜி என்றாகியிருந்தது.

"வாலே மாறிடுச்சு பாரு. உள்ள எல்லாம் கெட்டுப் போச்சு லா. என் தம்பியோடத அனுப்பிடலாம்," என்றார்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். "கிராணி வூட்டுப் புள்ள பொய் சொல்லுமா? சும்மா இரு," என்றார் அம்மா.

பிறகு ஈப்போவில் கல்லூரி வகுப்பில் விரிவுரையாளர் ஒரு கோப்பின் வாலை மாற்றினார், திறக்கவில்லை. பழையபடி மாற்றினார்; திறந்தது. எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினிக்குச் சொல்வதோடு வாலின் வேலை முடிந்தது. மூட்டையில் கட்டிய அட்டையை மாற்றினால் உள்ளே இருக்கும் கொழுந்து மாறிவிடுமா? அன்று மாலையே பழைய பென்டிரைவைத் தேடியெடுத்து, பிபிடி என்று திருத்தினேன். படக்காட்சி திறந்தது; திரையில் கூடையும் கையுமாக அம்மா அப்படியே நின்றார். வால் தானாக மாறாது. பென்டிரைவோ அன்று ஜெரோம் அண்ணனிடம் மட்டுமே இருந்தது.

மண்டபத்தில் இப்போது உர மூட்டை அடுக்குகிறார்கள். சூடான பெட்டித் திரை எங்குமே இல்லை. பெரும்பாலான கணினிகள் வாலை மறைத்தே வைக்கின்றன.

போன வாரம், ரிங்லெட்டில் காய்கறி வியாபாரம் பார்க்கும் ஜெரோம் அண்ணனிடமிருந்து தகவல் வந்தது: "தங்கச்சி, மக ஸ்கூலுக்குச் செஞ்சது, திறக்கல. கெட்டுப் போச்சு போல. கொஞ்சம் பாரு லா."

பெயர் மாற்றும்போது பிள்ளை வாலையும் அழித்திருந்தது. சரிசெய்து அனுப்பி, கீழே எழுதினேன்: "கெட்டுப் போகல அண்ணே. வாலுதான் போயிருந்துச்சு. என்னோடதும் அன்னிக்குக் கெட்டுப் போகல."

படித்துவிட்டார்.