டயரும் கரைவலையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சி என்றால், விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டுக் கடற்கரை மணலில் ஓடுவதும், வீட்டுக்கு வந்து பச்சை முட்டை குடிப்பதும்தான். கொழும்பில் படித்துவிட்டு வந்த புதிய உடற்கல்வி ஆசிரியர், எங்கள் சேர், அதைக் கேட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் பழைய முறை. காலுக்குப் பெலன் வேணுமெண்டா பாரம் இழுக்கணும்" என்று சொல்லி, ஆளுக்கொரு பழைய டயரை இடுப்பில் கட்டிவிட்டார்.

மூச்சிரைக்க நாங்கள் இழுத்துப் போவதை, கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், கேட்டார்: "சேர், சும்மா டயர இழுத்து என்னத்துக்கு? எங்கட வலைய இழுக்கச் சொல்லுங்களன். மீனும் தாறம்."

சேர் கொஞ்சம் யோசித்தார். "ஓம், அதுவும் பாரம்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து நாங்கள் வலை இழுத்தோம்; சேர் விசில் ஊதித் தாளம் கொடுத்தார். எங்கள் தொடைகள் இறுகின. கீரி மீனோடு வீட்டுக்குப் போனதால், பந்து பந்தென்று திரிவதற்கு உம்மா ஏசிக்கொண்டிருந்ததும் நின்றது. பெரிய பங்கு எப்போதும் சேரின் சைக்கிளில்தான் தொங்கியது.

பாலமுனையில் நடந்த போட்டியில்தான் கோளாறு தெரிந்தது. கரைவலையைப் பின்னோக்கி நடந்துதான் இழுக்க வேண்டும். பழகிய கால்கள் அல்லவா? எதிரணி பந்தோடு வர வர, எங்கள் பின்வரிசை அழகாகப் பின்னாலேயே போனது. "முன்னுக்கு வாங்கடா!" என்று சேர் கத்திக்கொண்டிருக்கும்போதே கோல் விழுந்தது. தோற்றுத் திரும்பினோம்.

அடுத்த வாரம் சேர் இன்னொரு புதிய முறையை அறிவித்தார். கரைவலைக்காரர்களின் தோணியைக் கடலுக்குள் முன்னோக்கித் தள்ள வேண்டுமாம். காக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.